பிசிஷியன் அசிஸ்டெண்ட் பணியை உடனிருந்து அறிவது எப்படி? கொங்கு மாணவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

நீட் மதிப்பெண் எம்பிபிஎஸ் இடத்துக்கு எட்டாது என்று தெரிந்தவுடன் கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல் பக்கத்து வீடுகளில் துணை மருத்துவப் படிப்புகளைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடுகிறது. அந்தப் பட்டியலில் பி.எஸ்சி. பிசிஷியன் அசிஸ்டெண்ட் (மருத்துவரின் உதவியாளர், சுருக்கமாக பிஏ) என்ற பெயர் வந்ததும், “பிஏ படிச்சா டாக்டர் பக்கத்துலயே நின்னு வேலை செய்யலாமுங்க” என்று உறவினர் ஒருவராவது சொல்லிவிடுவார். அது பொய்யில்லை. ஆனால் மருத்துவரின் பக்கத்தில் நின்று பிஏ என்ன செய்கிறார், எதைச் செய்யக் கூடாது, நாற்பது வயதிலும் அந்த வேலை நிறைவு தருமா என்பவற்றை அந்தப் பேச்சிலிருந்து அறிய முடியாது. பணியில் இருக்கும் ஒரு பிஏவுடன் சில நாட்கள் மருத்துவமனையில் உடனிருந்து கவனித்தால்தான் அவை விளங்கும். மருத்துவமனைகள் இதை அப்சர்வர்ஷிப் என்றும், வெளிநாட்டுக் கல்லூரிகள் ஷேடோயிங் என்றும் குறிப்பிடுகின்றன. இதில் பயிற்சி எதுவும் அளிக்கப்படுவதில்லை. பார்ப்பது மட்டுமே வேலை.

அப்படிப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சை அரங்கைக் காணும் ஆவலோடுதான் போகிறார்கள். என் கருத்தில், அவர்கள் கவனிக்க வேண்டிய முதல் பொருள், பிஏவின் பொறுப்பு எங்கே முடிந்து மருத்துவரின் முடிவு எங்கே தொடங்குகிறது என்ற எல்லைதான். அந்த எல்லைக்குள் மன நிறைவோடு வேலை செய்ய முடியுமா என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால், படிப்பைத் தேர்ந்தெடுப்பதில் பெரிய குழப்பம் மிஞ்சாது.

1. போவதற்கு முன் அறிய வேண்டியவை

இந்தத் தொழில் 1965இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மருத்துவர் யூஜின் ஸ்டெட் தொடங்கிய வகுப்பிலிருந்து பிறந்தது. கடற்படையில் மருத்துவ உதவியாளர்களாக அனுபவம் பெற்றுத் திரும்பியவர்களே அதன் முதல் மாணவர்கள். இந்தியாவுக்கு இது 1992இல் சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷன் வழியாக, இதய அறுவைச் சிகிச்சை நிபுணர் கே. எம். செரியனின் முயற்சியால் வந்தது. அமெரிக்காவில் குடும்ப மருத்துவம் உட்படப் பல துறைகளில் பரவிய இப்பணி, நம் நாட்டில் இதய அறுவைச் சிகிச்சையில் வேர்விட்டதால், இன்றும் பிஏக்களைப் பெரிய மருத்துவமனைகளின் இதயம், எலும்பு, நரம்பியல், சிறுநீரகம் போன்ற சிறப்புத் துறைகளில்தான் அதிகம் காண முடிகிறது.

தமிழ்நாட்டில் இது தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் மூன்று ஆண்டுப் படிப்பும் ஓராண்டு உள்ளுறைப் பயிற்சியும் கொண்ட பட்டப்படிப்பாக நடைபெறுகிறது. அரசு ஒதுக்கீட்டு இடங்களை மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் நிரப்பி வந்திருக்கிறது. சேர்க்கை விதிகள் மாறக்கூடியவை என்பதால், பக்கத்து வீட்டு அக்கா சேர்ந்த ஆண்டின் விதியை நம்பாமல், அந்தந்த ஆண்டின் தகவல் குறிப்பேட்டைப் படிக்க வேண்டும். நாடாளுமன்றம் 2021இல் நிறைவேற்றிய துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் இத்தொழில் ‘பிசிஷியன் அசோசியேட்’ என்ற பெயரில் இடம்பெற்றிருக்கிறது. இரண்டு பெயரும் ஒரே பணியைத்தான் குறிக்கின்றன.

பிஏ நோயாளியிடம் நோய் வரலாறு கேட்கிறார், உடற்பரிசோதனை செய்கிறார், கேஸ் ஷீட் எழுதுகிறார், பரிசோதனை முடிவுகளைத் திரட்டுகிறார், அறுவைச் சிகிச்சையில் உதவுகிறார், டிஸ்சார்ஜ் சம்மரி தயாரிக்கிறார். நோய் இன்னதென்று தாமே முடிவு செய்து, தாமே மருந்துச்சீட்டு எழுதித் தனியாகச் சிகிச்சை அளிக்கும் உரிமை அவருக்கு இல்லை. பிஏ படித்துவிட்டு இடையில் எம்பிபிஎஸ் படிப்புக்குள் நுழையும் வழியும் கிடையாது. அந்த நம்பிக்கையோடு யாரேனும் விசாரித்தால், மருத்துவமனைக்கு அழைத்துப் போவதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுவது நல்லது.

2. எங்கே போவது, எந்தத் துறையில் தொடங்குவது

நம் பகுதியின் சிறு நகரங்களில் கணவனும் மனைவியுமாக மருத்துவர்கள் நடத்தும் நர்சிங் ஹோம்கள் பல உண்டு. அங்கே மருத்துவரும் சிஸ்டர்களும் மட்டுமே இருப்பார்கள். பிஏ இருப்பது அரிது. ஆகவே கோபியிலோ பல்லடத்திலோ காங்கேயத்திலோ இருப்பவரும் கோவை, சேலம், ஈரோடு போன்ற நகரங்களின் பெரிய பல்துறை மருத்துவமனைகளை நோக்கித்தான் போக வேண்டியிருக்கும். கோவை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, பெருந்துறையில் உள்ள ஈரோடு அரசு மருத்துவக் கல்லூரி, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி போன்ற அரசு நிறுவனங்களில் நோயாளிக் கூட்டமும் நோய்களின் வகையும் அதிகம். ஆனால் அங்கே பயிற்சி மருத்துவர்களும் முதுநிலை மாணவர்களும் நிறைந்திருப்பதால் பிஏவின் தனிப் பங்கைப் பிரித்தறிவது கடினம். தனியார் மருத்துவமனையில் அந்தப் பங்கு தெளிவாகத் தெரியும். முடிந்தால் முதலில் தனியாரிலும், பிறகு ஓரிரு நாள் அரசு மருத்துவமனையிலும் பார்ப்பது சிறந்தது.

துறையைப் பொறுத்தவரை, முதல் நாளே ஆபரேஷன் தியேட்டரைக் கேட்காதீர்கள். முகக்கவசத்துக்குப் பின்னால் யார் யாரென்றே தெரியாத இடத்தில், புதிதாக வந்தவருக்கு விளக்குகளும் பச்சைத் துணிகளும் தவிர வேறு எதுவும் மனத்தில் பதியாது. வார்டில் தொடங்கி, ஓபிக்கு (புறநோயாளிகள் பிரிவுக்கு) போய், கடைசியாகத் தியேட்டருக்குள் நுழைந்தால், மேசையில் படுத்திருப்பவர் யார், எதற்காக வந்தார், காலையில் அவரிடம் பிஏ என்ன கேட்டார் என்பதெல்லாம் முன்பே தெரிந்திருக்கும். விசைத்தறி, பின்னலாடை, தேங்காய், ஆழ்துளைக் கிணற்று ரிக், லாரி ஆகிய தொழில்கள் நிறைந்த நம் பகுதியில், எலும்பு முறிவும் கைக்காயமும் பார்க்கும் துறை தொடக்கத்துக்கு ஏற்றது என்பேன். நோயாளியின் பிழைப்பைப் பார்த்தவுடன் புரிந்துகொள்ள முடிவதால், பிஏ கேட்கும் ஒவ்வொரு கேள்வியின் காரணமும் விளங்கும்.

3. அனுமதி பெறுதல்

இதற்கென்று விளம்பரமோ விண்ணப்பப் படிவமோ பெரும்பாலான இடங்களில் இராது. தனியார் மருத்துவமனையில் மருத்துவக் கண்காணிப்பாளரையோ மனிதவளப் பிரிவையோ, கல்விப் பிரிவு இருந்தால் அதன் பொறுப்பாளரையோ அணுகலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டீனுக்கு முகவரியிட்ட கடிதத்தை நேரில் கொண்டுபோய்க் கொடுப்பதே நடைமுறை. நம் ஊர்களில் யாருடைய மாமாவுக்காவது ஒரு மருத்துவரைத் தெரிந்திருக்கும். அறிமுகத்துக்கு அந்த வழியைப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால் “நான் சொல்லிட்டனுங்க, நேரா உள்ள போங்க” என்ற வாய்ச்சொல்லை மட்டும் நம்பி வார்டுக்குள் நுழையக் கூடாது. எழுத்து மூலமான அனுமதி இல்லாதவர் அங்கே யாரோ ஒருவர்தான். ஏதேனும் சிக்கல் எழுந்தால் அந்தச் சுமை அறிமுகம் செய்த மருத்துவர்மீதும் உடன் வைத்திருந்த பிஏமீதும் விழும்.

கடிதம் சுருக்கமாக இருக்கட்டும்:

“மதிப்பிற்குரிய ஐயா / அம்மா, நான் இந்த ஆண்டு பிளஸ் டூ தேர்வு எழுதுகிறேன். பி.எஸ்சி. பிசிஷியன் அசிஸ்டெண்ட் படிப்பில் சேரக் கருதுகிறேன். முடிவெடுக்கும் முன், தங்கள் மருத்துவமனையில் பிஏ ஒருவரின் பணியை ஐந்து வேலைநாட்கள் உடனிருந்து பார்வையிட அனுமதி வேண்டுகிறேன். நோயாளிகளைத் தொடவோ சிகிச்சையில் பங்கேற்கவோ மாட்டேன்; நோயாளிகள் பற்றிய செய்திகளை வெளியில் பகிர மாட்டேன். தாங்கள் குறிக்கும் துறையிலும் நேரத்திலும் வரச் சித்தமாக இருக்கிறேன். பெற்றோரின் சம்மதக் கடிதத்தை இணைத்துள்ளேன்.”

பதினெட்டு வயது நிறையாதவர்களுக்குப் பெற்றோரின் சம்மதக் கடிதம் இன்றியமையாதது. அப்போதும் தியேட்டருக்குள் விட மறுக்கலாம். சில மருத்துவமனைகள் கட்டணம் கேட்கும். அப்படிக் கேட்டால் ரசீதோடு கட்டுங்கள். ரசீது தர மறுக்கும் இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். பொதுத்தேர்வு முடிந்து முடிவு வரும்வரையுள்ள ஏப்ரல், மே மாதங்களே வசதியான காலம். கடிதத்தை அதற்கு ஒரு மாதம் முன்னதாகவே கொடுத்து வைக்க வேண்டும். தேர்வுக் காலம் என்பதால் இந்த வேலையைப் பெற்றோர் பார்த்துக்கொள்ளலாம்.

4. உடல், உடை, நலம்

ஹெப்படைடிஸ் பி தடுப்பூசியின் மூன்று தவணைகளும் (0, 1, 6 மாதங்கள்) போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். குழந்தைப் பருவத்தில் போட்டிருந்தால் அந்தப் பதிவைத் தேடி எடுத்து வையுங்கள். படிப்பில் சேர்ந்த பிறகும் அது கேட்கப்படும். காய்ச்சல், இருமல், வயிற்றுப்போக்கு உள்ள நாளில் போகக் கூடாது. மூடிய காலணி, முழங்கைக்கு மேல் மடிக்கக்கூடிய சட்டைக் கை, வெட்டிய நகம், கட்டிய முடி ஆகியவை போதும்; மோதிரம், வளையல், கைக்கயிறு வேண்டாம். காலையில் கட்டாயம் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வெறும் வயிற்றோடு முதன்முதலாக இரத்தத்தைப் பார்ப்பவர்தான் பெரும்பாலும் மயங்கி விழுகிறார்.

5. நாளின் போக்கும் அதில் கவனிக்க வேண்டியவையும்

பெரிய மருத்துவமனையில் பிஏவின் நாள், சீஃப் எனப்படும் தலைமை மருத்துவர் வருவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. இரவு டியூட்டியில் இருந்தவரிடம் நிலவரம் கேட்பது, நோயாளிகளின் காய்ச்சல், இரத்த அழுத்தம், சிறுநீர் அளவு ஆகியவற்றைக் குறிப்பது, ஆய்வக முடிவுகளை எடுத்து வைப்பது, காயக் கட்டுகளைப் பார்ப்பது எல்லாம் முடிந்த பிறகே, சீஃப் நோயாளிகளைச் சுற்றிப் பார்க்கும் ரவுண்ட்ஸ். ரவுண்ட்ஸில் ஒரு நோயாளியைப் பற்றிச் சில வரிகளில் சீஃபிடம் சொல்ல வேண்டும். கேஸ் ஷீட்டில் பல பக்கங்கள் இருக்க, அவற்றிலிருந்து எந்தச் சில செய்திகளை பிஏ எடுத்துச் சொன்னார், எவற்றை விட்டார் என்று கவனியுங்கள். இந்தத் தொழிலின் திறமையில் பெரும்பகுதி அந்தத் தெரிவில்தான் இருக்கிறது.

சோமனூர்ப் பக்கம் விசைத்தறியில் விரல் சிக்கிய ஒரு தொழிலாளி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். எந்தக் கையால் வேலை செய்பவர், காயம் எத்தனை மணிக்கு ஏற்பட்டது, கடைசியாக எப்போது சாப்பிட்டார், சர்க்கரை உண்டா, பீடி குடிப்பாரா, டெட்டனஸ் ஊசி எப்போது போட்டார் என்று பிஏ அடுத்தடுத்துக் கேட்பார். சாப்பிட்ட நேரம் மயக்க மருந்துக்காக. பீடி, விரலின் நுண்ணிய இரத்தக் குழாய்களுக்காக. வேலை செய்யும் கை எது என்பது, பிழைப்பு எந்த அளவுக்குப் பாதிக்கப்படும் என்பதற்காக. விரல் துண்டாகியிருந்தால், அதைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தப் பையைப் பனிக்கட்டிமேல் வைத்துக் கொண்டுவந்தார்களா, நேரே பனிக்கட்டிக்குள் போட்டுவிட்டார்களா என்றும் கேட்பார். நேரடியாகப் பனிக்கட்டி பட்டால் திசு கெட்டுவிடும். இத்தனையையும் திரட்டி, எக்ஸ்ரே எடுக்க அனுப்பி, அறுவைச் சிகிச்சை நிபுணருக்குச் சொல்வது வரை பிஏவின் வேலை. விரலைத் திரும்பப் பொருத்துவதா, அகற்றி மூடுவதா என்பது நிபுணரின் முடிவு. அந்த முடிவைப் பற்றி பிஏவுக்கும் ஒரு கருத்து இருக்கும். அதை அவர் எப்போது, எந்த முறையில் நிபுணரிடம் சொல்கிறார் என்பதையும், மாற்று முடிவு வந்தால் எப்படி ஏற்றுக்கொள்கிறார் என்பதையும் பார்த்தால், இந்தப் பணி கேட்கும் மனப்பான்மை என்னவென்று தெரிந்துவிடும்.

ஓபியில் கேள்வி கேட்கும் கலையைப் பாருங்கள். நம் பக்கத்துப் பெரியவர்கள் நோயை நேரடியாகச் சொல்வதில்லை. “மேலுக்குச் சொகமில்லீங்க, பொறவு பாத்துக்கலாம்னு இருந்துட்டனுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு, பழைய மருந்துச்சீட்டுகள் நிறைந்த மஞ்சப்பையை மேசைமேல் வைப்பார்கள். நல்ல பிஏ அந்தப் பையைப் பொறுமையாகக் கொட்டி, இரண்டு மருத்துவர்கள் வெவ்வேறு பெயரில் எழுதிய ஒரே மாத்திரையை அந்தப் பெரியவர் இருவேளையும் விழுங்கிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடிப்பார். கண்டுபிடித்ததை மருத்துவரிடம் சொல்வாரே தவிர, மாத்திரையைத் தாமே நிறுத்தச் சொல்ல மாட்டார்.

எழுத்து வேலையைச் சலிப்போடு ஒதுக்கிவிடாதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கான முன் அனுமதிப் படிவங்கள், தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் கேட்கும் விளக்கங்கள் என்று பல மருத்துவமனைகளில் பிஏவின் பிற்பகல் கணினிக்கு முன்னால்தான் கழிகிறது. ஒரு பிற்பகல் முழுவதும் அவருக்கு அருகில் உட்கார்ந்து பாருங்கள். விளம்பரப் படங்களில் வராத இந்தப் பகுதியைப் பார்க்காமல் திரும்பினால், பாதி வேலையைத்தான் பார்த்திருக்கிறீர்கள்.

குறிப்பேட்டில் ஒவ்வொரு பக்கத்தையும் மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: பிஏ தாமே செய்தவை, மருத்துவரைக் கேட்டுச் செய்தவை, மருத்துவருக்கே விட்டவை. நோயாளியின் பெயர், ஊர், படுக்கை எண் எதையும் எழுதாதீர்கள். “விசைத்தறிக் கைக்காயம், ஆண், நடுவயது” என்ற அளவு போதும். சில நாட்களில் அந்த மூன்று பகுதிகளும் நிரம்பும் விதமே பணியின் எல்லையை வரைந்து காட்டிவிடும். அனுபவம் மிக்க பிஏவின் முதல் பகுதி, புதிதாகச் சேர்ந்தவருடையதைவிட நீண்டிருப்பதையும் காண்பீர்கள். நம்பிக்கை வளர வளர மருத்துவர்கள் ஒப்படைக்கும் வேலையும் வளர்கிறது.

6. செய்யக் கூடாதவை

யார் அழைத்தாலும் நோயாளியைத் தொடாதீர்கள். “சும்மா புடிச்சுக்க தம்பி” என்று அன்பாகத்தான் சொல்வார்கள். பார்வையாளராக வந்திருப்பதை நினைவூட்டிப் பணிவாக மறுத்துவிடுங்கள். யாரேனும் உங்களை டாக்டர் என்று அழைத்தால் உடனே திருத்துங்கள். பிஏக்களையே பல நோயாளிகள் டாக்டர் என்றுதான் அழைக்கிறார்கள். நல்ல பிஏ அதைத் திருத்துகிறாரா, கேட்டும் கேளாததுபோல விட்டுவிடுகிறாரா என்பதும் கவனிக்கத் தக்கது. “ரிப்போர்ட் எப்படி இருக்குதுங்க கண்ணு?” என்று உறவினர் வராந்தாவில் கேட்டால், “நான் பார்வையிட வந்த மாணவன், சிஸ்டரிடம் கேளுங்க” என்பதைத் தவிர வேறு விடை கூடாது.

இரகசியம் காப்பது நம் பகுதியில் இன்னும் கடினம். வார்டில் இருப்பவர் உங்கள் ஊருக்கு ஒரம்பரையாக வந்து போகிறவராகவே இருக்கலாம். அப்படி ஒருவரைக் கண்டால் பிஏவிடம் சொல்லிவிட்டு அந்த அறையிலிருந்து வெளியேறுவதே முறை. புகைப்படம், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் ஆகியவை வெற்று மேசையைக் காட்டினாலும் வேண்டாம். ஒருவரின் எச்ஐவி நிலையை அவருடைய சம்மதமின்றி வெளியிடுவதை 2017ஆம் ஆண்டின் எச்ஐவி, எய்ட்ஸ் சட்டம் தடை செய்கிறது. கருவின் பாலினத்தைத் தெரிவிப்பது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஸ்கேன் அறைக்குள் நிற்க நேர்ந்தால் குறிப்பால்கூட எதையும் உணர்த்தக் கூடாது. நீங்கள் உடனிருப்பதை நோயாளி விரும்பாவிட்டால், காரணம் கேட்காமல் வெளியே வந்துவிடுங்கள்.

தியேட்டரில் பச்சை அல்லது நீலத் துணி போர்த்திய எதையும் நெருங்காதீர்கள்; தலை சுற்றினால் வெட்கப்படாமல் சொல்லிவிட்டு, மேசையை விட்டு விலகிச் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிடுங்கள். தற்செயலாக ஊசி குத்திவிட்டால், பிதுக்காமல் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவி, அந்த நிமிடமே பிஏவிடம் சொல்லுங்கள். எச்ஐவி தடுப்பு மருந்து தேவைப்பட்டால் கூடிய விரைவிலும், எப்படியும் 72 மணி நேரத்துக்குள்ளும் தொடங்க வேண்டும். மறைத்து வைப்பதைப் போன்ற ஆபத்து வேறில்லை.

7. கேட்க வேண்டிய கேள்விகள்

தேநீர் இடைவேளையில் கேளுங்கள். நோயாளியின் எதிரில் கேட்காதீர்கள். சம்பளம், இரவு டியூட்டி, வார விடுமுறை ஆகியவற்றைத் தயங்காமல் கேட்கலாம். ஆனால் புதிதாகச் சேர்ந்தவரிடமும் பத்தாண்டு கடந்தவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டு விடைகளுக்கும் இடையிலுள்ள தொலைவே இந்தத் தொழிலின் வளர்ச்சி. துறை மாற முடியுமா, சீஃப் வேறு மருத்துவமனைக்குப் போனால் உங்கள் நிலை என்ன, உங்கள் குழந்தை இதைப் படிக்கச் சம்மதிப்பீர்களா என்ற கேள்விகளுக்கு நேர்மையான விடைகள் வரும். சிஸ்டர்களிடமும் ஒரு சொல் கேட்டுப் பாருங்கள்: பிஏ இல்லாத நாளில் வார்டில் என்ன தடைபடுகிறது? பிஏவின் பயனை அவர்களைவிடச் சரியாக எடைபோடுபவர் இல்லை.

8. முடிவெடுத்தல்

குறிப்பேட்டின் மூன்றாம் பகுதியைப் படிக்கும்போது, “இதை நானே முடிவு செய்திருக்க வேண்டும்” என்ற ஆதங்கம் திரும்பத் திரும்ப எழுந்தால், மீண்டும் நீட் எழுதுவதையோ வேறு தொழிலையோ சிந்திப்பது நல்லது; அந்த ஆதங்கம் வயதோடு கூடுமே தவிரக் குறையாது. முதல் பகுதியில் உள்ளவற்றை நாள்தோறும் பிழையின்றிச் செய்வதில் மகிழ்ச்சி இருக்கும் என்று தோன்றினால் இது உங்களுக்கு ஏற்ற வேலை. அதே நாட்களில் நர்சிங், விபத்து அவசர சிகிச்சைத் தொழில்நுட்பம், அறுவை அரங்கத் தொழில்நுட்பம் ஆகிய பணிகளில் இருப்பவர்களையும் பார்த்திருப்பீர்கள். அவற்றில் ஒன்று மனத்தைப் பிடித்திருந்தால் அதுவும் நல்ல விளைவே. படிப்பில் சேர்வதானால், கல்லூரிக்குப் பல்கலைக்கழக இணைப்பு இருக்கிறதா என்பதையும், மாணவர்களை அனுப்பும் மருத்துவமனை எது, அங்கே எத்தனை துறைகள் நடக்கின்றன என்பதையும் நேரில் பார்த்து உறுதி செய்யுங்கள்.

9. வெளிநாட்டை நினைப்பவர்களுக்கு

அமெரிக்காவில் பிஏ ஆவதற்கு, அங்குள்ள அங்கீகாரக் குழு ஏற்ற கல்லூரியில் முதுநிலைப் படிப்பை முடித்து, தேசியச் சான்றளிப்புத் தேர்வில் தேற வேண்டும். இந்தியப் பி.எஸ்சி. பட்டத்தைக் கொண்டு மட்டும் அந்தத் தேர்வை எழுத முடியாது. அங்குள்ள கல்லூரிகள் பல, விண்ணப்பத்தில் ஷேடோயிங் மணிகளைத் தனியாகவும், நோயாளிகளை நேரடியாகக் கவனித்த பணி அனுபவத்தைத் தனியாகவும் கேட்கின்றன. ஒன்றை மற்றொன்றின் கணக்கில் சேர்க்க முடியாது. எத்தனை மணி நேரம் வேண்டும், வேறு நாட்டில் பார்த்தது ஏற்கப்படுமா என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறுகிறது. ஆகவே, இன்று உள்ளூரில் பார்ப்பவரும் நாள், துறை, தொடங்கிய நேரம், முடிந்த நேரம் ஆகியவற்றை ஒவ்வொரு மாலையும் பிஏவிடம் காட்டிக் கையொப்பம் பெற்று, கடைசி நாளில் மருத்துவமனை முத்திரையுள்ள தாளில் சான்றும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகள் கழித்துப் போய்க் கேட்டால், அந்த பிஏ வேறு மருத்துவமனைக்கு மாறியிருக்கக்கூடும்.